பரந்தன் சந்தியில் இரண்டு நேரம்

1996ஆம் ஆண்டு கொழும்பு அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. மே மாதம் ஒரு மணித்தியாலம் கூட்டியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. தங்கள் பகுதியில் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டார்கள். அதனால் 2002இல் ஏ9 வீதி திறந்தபோது, வவுனியாவிலிருந்து வடக்கே போன பஸ் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் நேரம் அரை மணி பின்னுக்குப் போனது. கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு எல்லாம் அந்த நேரத்தில்தான் இயங்கின. முகமாலை கடந்து யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தால் மறுபடி கொழும்பு நேரம். 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பியபோதுதான் தீவு முழுவதற்கும் ஒரே மணி வந்தது. நான்கு மாதம் கழித்து, ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டு வீதி பூட்டப்பட்டது.

ஒரு தீவில் இரண்டு அரசுகள் நேருக்கு நேர் நின்ற காலம் அது. உலகத்தில் எந்த நாடும் இரண்டாவதான புலிகளின் அரசை அங்கீகரிக்கவில்லை. ஆனால் ஓமந்தைக்கு வடக்கே பொருள் கொண்டுபோன வியாபாரிக்கு அந்த அங்கீகாரம் தேவைப்படவில்லை. வரி கட்டித் துண்டு வாங்காமல் அவருடைய லொறி நகராது. தமிழீழக் காவல்துறை இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வைப்பகம் இருந்தது. அதே வேளை புழங்கியது இலங்கை ரூபாய். கிளிநொச்சிக் கச்சேரியில் இருந்த அரசாங்க அதிபருக்கும் பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஆஸ்பத்திரி டொக்டர்மாருக்கும் கொழும்பிலிருந்துதான் சம்பளம் வந்தது. பிள்ளைகள் எழுதிய சாதாரணதர, உயர்தரப் பரீட்சை வினாத்தாள்களும் கொழும்பிலிருந்தே வந்தன. பகைமை கொண்ட இரண்டு அரசுகள் ஒரே ஆசிரியரை, ஒரே பரீட்சையைப் பகிர்ந்துகொண்ட இந்த ஏற்பாடு வரலாற்றில் அபூர்வமானது. இரு கொரியாக்களிடையே அப்படி ஒன்று இருந்ததில்லை.

இந்த ஏற்பாட்டின் நடுவில் இருந்த ஊர் பரந்தன். பெரிய ஊர் அல்ல. கிளிநொச்சிக்குச் சற்று வடக்கே, ஆனையிறவுக் கடனீரேரிக்கு முன்னால், இரணைமடுக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே ஒரு சந்தி. வடக்கு–தெற்காக ஏ9 வீதியும் புகையிரதப் பாதையும். மேற்கே பூநகரி வீதி. கிழக்கே ஏ35: முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடி முல்லைத்தீவுக் கடலில் முடியும் வீதி. யாழ்ப்பாணக் குடாநாட்டை வைத்திருக்க விரும்புபவருக்கு ஆனையிறவு வேண்டும். ஆனையிறவை வைத்திருக்க விரும்புபவருக்குப் பரந்தன் வேண்டும். படை நடத்தியவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

சுதந்திரம் கிடைத்த புதிதில் இதே சந்திக்கு வேறொரு கனவு இருந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வடக்கு, கிழக்குக்கென்று போட்ட திட்டங்களில் ஒன்று பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் கடதாசி, பரந்தன் இரசாயனம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். ஆனையிறவு உப்பளத்திலிருந்து உப்பு வரும். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் எடுப்பார்கள். எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் போனது. குளோரின் நாடு முழுவதற்குமான குடிநீரைச் சுத்திகரித்தது. கொழும்பில் குழாயைத் திறந்தவர் குடித்த தண்ணீரில் ஆனையிறவு உப்பின் ஒரு கூறு இருந்தது. ஒரு நாடு ஒன்றாக இருப்பதற்கு இதைவிட உறுதியான கட்டு வேறு இல்லை. 1980களின் போரில் தொழிற்சாலை நின்றது. இலங்கை இன்று குளோரினை இறக்குமதி செய்கிறது. அதை விற்கும் அரச நிறுவனத்தின் பெயரில் மட்டும் பரந்தன் இருக்கிறது.

தீவு ஒன்றானதும் பிரிந்ததும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டதும் உள்ளூர்க் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பரந்தனில் நின்று பார்த்தால் அந்தக் கதை குறைபடும். இங்கே நடந்த ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் பின்னால் கடலுக்கு அப்பால் இருந்த வல்லரசுகளின் கணக்கு ஒன்று இருந்தது.

முதலாவது ஒன்றுசேர்ப்பே ஒரு வல்லரசுப் போரின் துணைவிளைவு. திருகோணமலைத் துறைமுகத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1782இலேயே அடிபட்டார்கள். சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பறித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். 1795 சனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. தப்பி இங்கிலாந்துக்குப் போன ஒல்லாந்து ஆட்சியாளர், தன் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி கடிதம் எழுதினார். அந்த ஆண்டு ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணமும் ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவும் விழுந்தன. 1796 பெப்ரவரியில் கொழும்பு. பாரிஸில் நடந்த புரட்சி வன்னிக் காட்டின் எசமானரை மாற்றிவிட்டது. வன்னியில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

வன்னி அதை மௌனமாக ஏற்கவும் இல்லை. ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தும் கொடுக்காமலும் காலம் தள்ளிய வன்னிமைகளின் மரபில் வந்த பண்டாரவன்னியன், 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு கண்டி இராச்சியமும் ஆங்கிலேயரோடு போரில் இருந்தது.  ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையதிகாரி திரிபேர்க்கின் அணி அவனைத் தோற்கடித்ததாக அங்கே நாட்டிய கல் சொன்னது. 1815இல் கண்டியும் வீழ்ந்தது. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தம் கரையோரத்தையும் கண்டியையும் வடக்கையும் ஒரே நிர்வாகமாகக் கட்டியது. இன்று கொழும்பு காக்க விரும்பும் ஒற்றை அரசு, நெப்போலியன் காலத்து யுத்தத்துக்காக இங்கிலாந்து கட்டி விட்டுப்போன வீடு.

அடுத்த தலையீடு 1987. இந்தியா 1983க்குப் பிறகு தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இலங்கை இஸ்ரேலியர்களை அழைத்தது. பாகிஸ்தானிடம் பயிற்சி பெற்றது. பிரித்தானியக் கூலிப்படையினரை அமர்த்தியது. தனக்குத் தெற்கே தனக்கு வேண்டாதவர்கள் கூடாரம் அடிக்கிறார்கள் என்று டில்லி அஞ்சியது. அந்த ஆண்டு மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 3இல் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் போர் விமானங்கள் காவலுக்கு வர, இந்திய அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் 25 தொன் உணவுப் பொருளைப் போட்டன. ஓர் இறைமையுள்ள நாட்டின் வான்வெளியை அதன் அயல்நாடு பகல் வெளிச்சத்தில் மீறியது. கொழும்பு தன் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தது. வாஷிங்டனோ பெய்ஜிங்கோ அசையவில்லை.

ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் வடக்கு–கிழக்கு இணைப்பு, மாகாண சபை எல்லாம் இருந்தன. அதோடு பரிமாறப்பட்ட கடிதங்களில்தான் வல்லரசுக் கணக்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது: திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் விடப்படாது, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் சேர்ந்து புனரமைக்கும், வெளிநாட்டு இராணுவ, உளவு ஆலோசகர்கள் பற்றியும் வெளிநாட்டு வானொலி நிலையங்கள் பற்றியும் உடன்பாடு காணப்படும். தமிழரின் அரசியல் உரிமையும் இந்தியாவின் பாதுகாப்பும் ஒரே நாளில் ஒரே மேசையில் பேசப்பட்டன. இரண்டாவது பெருமளவுக்கு நிறைவேறியது. முதலாவது இன்றுவரை அரைகுறையாகக் கிடக்கிறது.

ஒக்டோபரில் இந்திய அமைதிப்படையே புலிகளோடு போரில் இறங்கியது. 1,100க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்தார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு பொதுமக்கள் துன்பப்பட்டார்கள். 1989இல் ஜனாதிபதி பிரேமதாசா, இந்தியப் படையை வெளியேற்றுவதற்காகத் தன் எதிரிகளான புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். அந்நியப் படையைப் போகச் சொல்வதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபட்டன. 1990 மார்ச் 24இல் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறினான். ஜூனில் மறுபடி போர். ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். தங்களுக்கென்று ஓர் அரசு கேட்டவர்கள் அதற்குள் யாருக்கு இடம் என்பதை அந்த நாளில் எழுதிக்காட்டினார்கள். அது இன்னும் ஆறாத காயம்.

1990களில் பரந்தன் கை மாறிய கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1996 ஜூலை 18இல் தொடங்கிய தாக்குதலில் முல்லைத்தீவு முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. எட்டு நாள் கழித்து ஆனையிறவிலிருந்து இறங்கிய இராணுவம் பரந்தனையும் செப்டெம்பரில் கிளிநொச்சியையும் பிடித்தது. சனங்கள் உடுத்த உடுப்போடு அக்கராயன், மல்லாவி என்று காட்டுப்பக்கம் போனார்கள். 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி புலிகளிடம் திரும்பியது. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தபோது பரந்தனும் அவர்கள் கையில்.

அந்த ஏப்ரல் மாதம் நின்று கவனிக்க வேண்டியது. குடாநாட்டுக்குள் 30,000க்கும் மேற்பட்ட படையினர் தரைவழி இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். கொழும்பு டில்லியிடம் உதவி கேட்டது. அமைதிப்படையின் நினைவு இன்னும் ஆறாத டில்லி படை அனுப்ப மறுத்தது. கொழும்பு உடனே வேறு கதவுகளைத் தட்டியது: மே மாதத்தில் இஸ்ரேலோடு அறுந்திருந்த இராஜதந்திர உறவைப் புதுப்பித்துக் கூடுதல் கிபிர் விமானங்களை வாங்கியது, பாகிஸ்தானிலிருந்து பல்குழல் எறிகணைகள் வந்தன. இந்தியா விட்ட இடத்தை இந்தியாவின் போட்டியாளர்கள் நிரப்புவார்கள் என்ற பாடத்தை டில்லி அந்தக் கோடையில் கற்றது. பின்வந்த ஆண்டுகளில் அது எடுத்த முடிவுகளில் இந்தப் பாடம் தெரிகிறது.

2002 பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ9 திறந்தது. வன்னிச் சனங்கள் இன்றும் அதைச் சமாதான காலம் என்றே சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பஸ்கள் பரந்தனில் நின்றன, கடைகள் எழுந்தன, வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்க வந்தார்கள். 2003 ஒக்டோபர் 31இல் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான வரைவைக் கொடுத்தார்கள். நான்கு நாளில் ஜனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுகளைப் பிரதமரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பேச்சு அதற்குப் பிறகு முன்னேறவே இல்லை.

பிரிந்த நாடுகளை ஒன்றாக்கும் முயற்சி உலகப் போராக வெடிக்கும் அபாயம் எங்கே வருகிறது என்பதைப் பிற நாடுகளோடு ஒப்பிட்டால் வன்னியின் கதி விளங்கும். கொரியாவில் இரு பக்கமும் வல்லரசு நின்றது. 1950 ஒக்டோபரில் அமெரிக்கப் படை 38ஆவது சமாந்தரக் கோட்டைத் தாண்டி யாலு ஆற்றை நெருங்கியதும் சீனா இறங்கியது. 1953இல் போர் நின்றபோது எல்லை ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே இருந்தது. ஜெர்மனியிலும் இரு பக்கமும் வல்லரசுகள் நின்றன. ஆனால் 1990இல் இரு ஜெர்மனிகளும் நான்கு வெற்றியாளர் நாடுகளும் ஒரே உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிறகே ஒன்றிணைப்பு நடந்தது. தாய்வான் நீரிணை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொதித்தும் கொட்டாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: மறுபக்கம் யாரோ நிற்கிறார்கள்.

வன்னியில் மறுபக்கம் ஒருவரும் நிற்கவில்லை. இந்தியா 1992இல், ராஜீவ் கொலைக்கு மறு ஆண்டு, புலிகளைத் தடை செய்தது. அமெரிக்கா 1997இல், பிரித்தானியா 2001இல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இல். சீனா விமானமும் வெடிமருந்தும் கொடுத்தது, உக்ரேன் மிக் விமானம் கொடுத்தது, பாகிஸ்தான் எறிகணை கொடுத்தது, இஸ்ரேல் கிபிரும் வேகப்படகும் கொடுத்தது, இந்தியா ரேடாரும் ரோந்துக் கப்பலும் கொடுத்தது. உலகத்தின் மற்றெல்லா மூலைகளிலும் ஒருவரையொருவர் சந்தேகித்த நாடுகள் பரந்தனுக்குத் தெற்கே ஒரே அணியில் நின்றன. வல்லரசுப் போர் அபாயம் அதனால் இல்லாமல் போனது. ஆனால் கொரியாவிலும் ஜெர்மனியிலும் படைகளைத் தடுத்துப் பேச்சுமேசைக்குக் கொண்டுவந்த அந்த அச்சமும் சேர்ந்தே இல்லாமல் போனது. வெல்லும் பக்கத்தை நிறுத்தவைக்கும் அளவுக்கு எந்தத் தலைநகருக்கும் காரணம் இருக்கவில்லை. சனங்கள் கொடுத்த விலையின் அளவைத் தீர்மானித்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

2008 சனவரியில் அரசு போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று சனங்கள் அவர்களின் அலுவலக வாசலில் கூடி மன்றாடினார்கள். 2009 சனவரி 1ஆம் திகதி இராணுவத்தின் 58ஆவது படையணி பரந்தன் சந்தியைப் பிடித்தது. அதோடு கிளிநொச்சியின் வடக்கு வாசல் அடைபட்டது. மறுநாள் கிளிநொச்சியும், ஒரு கிழமையில் ஆனையிறவும் வீழ்ந்தன. சனங்களுக்கு எஞ்சிய ஒரே திசை கிழக்கு, ஒரே வீதி ஏ35.

அந்த வீதியில் உழவு இயந்திரங்களும் மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் நெல்லு மூட்டை, தகரம், கதவு நிலை வரை ஏற்றிக்கொண்டு போயின. தருமபுரத்தில் சில நாள், விசுவமடுவில் சில நாள். போகும் இடமெல்லாம் பங்கர் வெட்டினார்கள். அந்தச் சனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் இதே வீதியை ஒட்டியது. அதற்குள்ளும் எறிகணை விழுந்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி தாக்கப்பட்டது. புலிகள் பிள்ளைகளை வலிந்து படையில் சேர்த்தார்கள். தப்பிப் போக முயன்றவர்களைத் தடுத்தார்கள், சுட்டார்கள். கொழும்புச் சம்பளத்தில் இருந்த அரச டொக்டர்மார்தான் கடைசிவரை காயங்களைக் கட்டியவர்கள், இறந்தவர்களின் தொகையை உலகத்துக்குச் சொன்னவர்கள். மே 18, 19இல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. 280,000 வரையானோர் செட்டிகுளம் உள்ளிட்ட முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் இளைஞர்கள் தீக்குளித்தார்கள். லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் ரொறன்ரோ நெடுஞ்சாலையிலும் புலம்பெயர்ந்த தமிழர் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். மே 27இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடி, இலங்கை அரசின் வெற்றியை வரவேற்கும் தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. இந்தியா, சீனா, பாகிஸ்தான், ரஷ்யா நான்கும் ஒரே பக்கம் கை உயர்த்தின. அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த ஒற்றுமை குலைந்தது: 2012 மார்ச்சில் அதே பேரவையில் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது, சீனா ஆதரவாக வாக்களித்தது.

நிலம் ஒன்றானதும் வல்லரசுகள் பிரிந்தன. பரந்தன் சந்தியிலேயே அதைப் பார்க்கலாம். ஏ9 வீதியின் புதிய தார் சீன எக்சிம் வங்கிக் கடனில் சீன நிறுவனம் போட்டது. சற்றுத் தள்ளி ஓடும் தண்டவாளம், ஓமந்தையிலிருந்து பளை வரை, இந்தியக் கடனில் இந்திய நிறுவனம் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் போனது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2021 சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய, காற்று மின்திட்டம் சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இராமேசுவரத்துக்கு எதிரே சீனக் கம்பனியா என்று இந்தியா கேட்டது. அந்த ஆண்டு டிசெம்பரில் சீனா திட்டத்தை நிறுத்தியது; அதே மாதம் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கோயிலுக்கு வந்துபோனார். 2022 மார்ச்சில் திட்டம் இந்தியாவிடம் போனது. ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் இந்திய எதிர்ப்பை மீறி அம்பாந்தோட்டையில் நங்கூரமிட்டது. சுப்ரன் காலத்துப் போட்டி புதிய கொடிகளோடு இதே கடலில் நடக்கிறது. இம்முறை இரு பக்கமும் அணுவாயுத நாடுகள். நெடுந்தீவு மக்களுக்கு மின்சாரம் யார் கொடுப்பது என்ற கேள்வியில் நெடுந்தீவு மக்கள் கேட்கப்படவில்லை, 1795இல் முல்லைத்தீவு கேட்கப்படாதது போலவே.

கேட்கும் உரிமையுள்ள சபை ஒன்று காகிதத்தில் இருக்கிறது. 1987 உடன்படிக்கையின் பயனாக வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி வடக்குக்கு ஒரு மாகாண சபை உண்டு. வடக்கு–கிழக்கு இணைப்பை 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, 2013 செப்டெம்பரில், வட மாகாணத்துக்கு முதலாவது தேர்தல் நடந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐ வென்றது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் அந்தச் சபையின் கைக்கு வரவில்லை. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பிறகு தேர்தல் வைக்கப்படவில்லை. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் மூன்றிலும் கைத்தொழில் வலயம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. பரந்தனில் எந்தத் தொழில் வரும், எந்த நாட்டு முதல் வரும், இரணைமடுத் தண்ணீரில் வயலுக்கு எவ்வளவு ஆலைக்கு எவ்வளவு என்பதையெல்லாம் பேசவேண்டிய சபையின் இடத்தில், ஜனாதிபதி நியமித்த ஆளுநர் இருக்கிறார்.